மயிலாப்பூரா, அடையாறா

மே 24, சனி

வெயில். கத்தரி முடிய இன்னும் நாலு நாள். காலை வேலை: பள்ளிச் சீருடையைப் போட்டுப் பார்ப்பது. தோளில் தொங்குகிறது. அம்மா இரண்டு பக்கமும் ஊக்கு குத்திப் பிடித்துப் பார்த்தாள். ஊக்குகளை அப்படியே விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

டாக்டரம்மா தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். அடிக்கக் கூடாது. அழித்து எழுதக் கூடாது. எழுதியதைத் திரும்பப் படிக்கக் கூடாது. யாரும் வாங்கிப் பார்க்க மாட்டார்களாம், அவர் உட்பட.

'சீருடை'யில் 'சீ' கோணல். பார்த்துவிட்டேன். விடு.

நேற்று அடையாறு. எங்கள் வீட்டில் கிளினிக் என்று யாரும் சொல்வதில்லை. அடையாறு என்றால் அதுதான். பள்ளிக்கு மயிலாப்பூர். "மயிலாப்பூரா, அடையாறா, ஒண்ணு முடிவு பண்ணணும்லா" என்று அப்பா ஏதோ வீடு பார்க்கிறவர் மாதிரி சொல்கிறார்.

டாக்டரம்மா சொன்னவை, நினைவில் இருக்கிற வரை: இதற்குப் பெயர் ஓ.சி.டி. மக்கு என்று அர்த்தமில்லை, பைத்தியம் என்றும் அர்த்தமில்லை. மாத்திரை வேண்டும், கூடவே பயிற்சி. வாரத்தில் நாலு நாள், காலை பத்து முதல் ஒன்று வரை, மூன்று மாதம். பள்ளிக்குப் போய்க்கொண்டே செய்ய முடியாதா என்று அப்பா கேட்டார். டாக்டரம்மா என்னைப் பார்த்து, ஒரு நாளில் இதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்றார். ஆறு மணி நேரம் என்றேன். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். இரண்டு என்று நினைத்திருந்தாளாம்.

மருந்துச் சீட்டை அப்பா நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வரும் வழியில் மூன்று மருந்துக்கடை. எதிலும் நிற்கவில்லை.

மே 26, திங்கள்

மயிலாப்பூர். குளத்தைச் சுற்றி நிழலே இல்லை. பிரின்சிபால் மேடத்தைப் பார்க்க நானும் அப்பாவும்.

மார்ச்சில் நடந்தது (ஒரே முறை எழுதிவிடுகிறேன்): ப்ளஸ் ஒன் முழு ஆண்டுத் தேர்வு, இயற்பியல். முதல் கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். எழுதினேன். ஒரு வரி சரியாக உட்காரவில்லை. அடித்தேன், எழுதினேன். கூடுதல் தாள் கேட்டேன், ஆறு முறை. மூன்று மணி நேரத்தில் இரண்டு கேள்வி. மிச்சத் தேர்வுகளுக்குப் போகவில்லை.

வரி உட்காராவிட்டால் என்ன? எழுதவே வெட்கமாக இருக்கிறது. அப்படியே விட்டால் அண்ணன் தண்ணி லாரியில் மாட்டுவான். அவ்வளவுதான். இதை நான் நம்பவில்லை. நம்பாமல் இருக்கத் தைரியமும் இல்லை.

அப்பா மேடத்திடம் காமாலை என்று சொல்லிவிட்டார். உறவுக்காரர்களிடம் சொன்ன அதே காமாலை. டாக்டரம்மா கொடுத்த சான்றிதழ் பையிலேயே இருந்தது. அதன் மேலே மனநலம் என்று அச்சடித்திருக்கிறது. மேடம் சொன்னது: விட்ட பாடங்களுக்கு ஜூன் 11 முதல் மறுதேர்வு. ஜூன் 2 பள்ளி திறக்கும்போதே வர வேண்டும். தேர்வு எழுதினால் ப்ளஸ் டூ. இல்லையென்றால் மறுபடி ப்ளஸ் ஒன். அப்பா இரண்டு முறை நன்றி சொன்னார்.

வெளியே வந்ததும் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். "பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டா நாலு பிள்ளைகளோட பேசுவே, சிரிப்பே. எல்லாம் சரியாயிரும்ட்டி." அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்வது. தலையாட்டினேன்.

மே 28, புதன்

கத்தரி கடைசி நாள். கே.கே. நகர் அத்தை வந்தாள், அப்பாவின் அக்கா. பை நிறையக் கீழாநெல்லி. அம்மியில் அரைக்க வேண்டும் என்றாள். எங்கள் ஃப்ளாட்டில் அம்மி இல்லை, மிக்ஸியில் அரைத்தார்கள். மோரில் கலந்து ஒரு டம்ளர். குடித்தேன். கசப்பு. அத்தை என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"கண்ணு மஞ்சளாவே இல்லியே."

"இப்ப தேவலை மதினி" என்றாள் அம்மா. அம்மாவின் பொய் அப்பாவினுடையதைவிட நன்றாக இருக்கிறது.

அத்தை போகும்போது வாசலில் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. பொம்பளைப் பிள்ளைக்கு உடம்பு அடிக்கடி முடியாமல் போகிறது என்று வெளியே தெரியக் கூடாது, நாளைக்கு இடம் பார்க்கும்போது கேட்பார்கள். காமாலைக்கே இப்படி.

மே 30, வெள்ளி

அனல் குறையவில்லை. வீட்டிலேயே மறுதேர்வு எழுதிப் பார்த்தேன். அம்மா கடிகாரத்தோடு எதிரே உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம். விடை ஒன்று: ஏழு வரி. அதையும் ஊதிப் பெருக்கிச் சொல்கிறேன், சரியாக நாலரை.

அம்மா தாளை எடுத்துப் பார்த்தாள். பேனா அழுத்தியதில் பின்பக்கம் ஓட்டை. தாளை மடித்துக் குப்பையில் போடாமல் தன் பீரோவில் வைத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்கவில்லை.

பட்டியல் போட்டேன்.

பள்ளி: தோழி ஆயிஷா இருக்கிறாள். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அப்பா தூங்குவார். ஒரு வருஷம் மிச்சம்.

அடையாறு: சரியாகலாம். (சரியாகாமலும் போகலாம்.) ஒரு வருஷம் போகும். தெரிந்தவர் யாராவது பார்ப்பார்கள்.

இது ஐந்தாவது பட்டியல். முதல் நாலும் வேறு தாள்களில். டாக்டரம்மாவின் விதியை ஏமாற்றிவிட்டேன். சரியான முடிவு எது என்று உறுதியாகத் தெரியும்வரை முடிவெடுக்கக் கூடாது என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதும் நோயா? யாரைக் கேட்பது?

ஜூன் 1, ஞாயிறு

மேகம். மழை இல்லை. நாளை பள்ளி. யாரும் முடிவெடுக்கவில்லை, நாள் வந்துவிட்டது, அதனால் போகிறேன்.

அண்ணன் முருகேசு என் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டான். நான் சைக்கிளில் போகவே போவதில்லை, பஸ்ஸில்தான். அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல. அப்பாவின் பாத்திரக்கடையில் டெலிவரி அவன் பொறுப்பு. எவர்சில்வர் அண்டா, வாளி எல்லாம் பைக்கில் கட்டிக்கொண்டு வடபழனி மண்டபங்களுக்குப் போவான். இருபத்து நாலு வயது. பேசுவது முழுக்க மெட்ராஸ். "எங்கிருந்துடா இந்த 'இன்னா'வும் 'கீது'வும்" என்று தென்காசிக்காரியான அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அவனிடம் கேட்டேன், நான் போகட்டுமா என்று.

"எனக்கு இன்னா தெரியும் கோமு. நீ நல்லா இருந்தா சரி."

சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

ஜூன் 2, திங்கள்

பிசுபிசு. பஸ் கூட்டம். சீருடையில் ஊக்குகள்.

ஆயிஷா லஸ் முனையில் காத்திருந்தாள். எட்டாம் வகுப்பிலிருந்து அவள்தான் என் பெஞ்ச். ராயப்பேட்டையிலிருந்து வருகிறாள். அவளுக்கு மட்டும் காமாலை இல்லை என்று தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டுக்குள் கூட்டிப்போனாள்.

முதல் பீரியட் பரவாயில்லை. ஆசிரியை பேசிக்கொண்டே இருந்தார், எழுத ஒன்றும் இல்லை. இரண்டாவது கணக்கு. போர்டில் தேதி, பாடத்தின் பெயர். தேதியை எழுதினேன். மறுபடி எழுதினேன். போர்டு மூன்று முறை நிரம்பி அழிந்தது. என் நோட்டில் தேதி மட்டும், பதினேழு தடவை. ஆயிஷா என் நோட்டை இழுத்துத் தன் நோட்டைத் தள்ளினாள், வீட்டில் பார்த்து எழுதிக்கொள் என்று காதருகே சொன்னாள்.

போன் கொண்டுவரக் கூடாது. கொண்டுபோயிருந்தேன். இடைவேளையில் கழிப்பறையிலிருந்து அண்ணனுக்கு. "ஆங், இருக்கேன்" என்று அவன் சொல்ல வேண்டும். அந்தச் சொற்கள்தான், அந்த வரிசையில்தான். சொன்னான். மதியம் இன்னொரு முறை. கடைசி பீரியடுக்கு முன்னால் இன்னொன்று.

வீட்டில் அப்பா கடையைச் சீக்கிரம் விட்டுவிட்டு வந்திருந்தார், கையில் அல்வா. எப்படி இருந்தது என்றார். நன்றாக இருந்தது என்றேன். அவர் அல்வாவைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார். நானும் ஒரு துண்டு போட்டுக்கொண்டேன்.

ஜூன் 4, புதன்

எழுத்து எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும்.

இன்று ஐந்து முறை கூப்பிட்டேன். நாலு முறை உடனே எடுத்தான். ஐந்தாவது, மதியம் இரண்டேகாலுக்கு, வெகு நேரம் அடித்தது. எடுத்தான். காற்றுச் சத்தம். வண்டியில் இருக்கிறான் என்று தெரிந்தது. உடனே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அந்த இரண்டு சொல்லுக்காக நின்றேன்.

"ஆங்..." என்றான்.

அப்புறம் பாத்திரங்கள் உருளும் சத்தம். நீளமாக. நான் கழிப்பறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ தூக்கு தூக்கு என்றார்கள். பிறகு ஒருவர் போனை எடுத்தார்.

"யாரும்மா நீ? தங்கச்சியா? உங்க அண்ணன் கீழ வுழுந்துட்டாரு. உசுருக்கு ஒண்ணியும் இல்ல, கைலதான் அடி. நான் ஆட்டோ ஓட்றவன், கூடவே கீறேன். இட்டுனு போறேன் ஆஸ்பத்திரிக்கு. அழுவாத, வீட்டு நம்பர் சொல்லு."

வீட்டு எண் மறந்துவிட்டது. அப்பாவின் எண்ணும். எனக்கு எல்லா எண்ணும் மனப்பாடம். ஆயிஷாதான் வந்து போனை வாங்கிச் சொன்னாள். எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை.

இடது மணிக்கட்டு முறிவு. முழங்கை சிராய்ப்பு. ஹெல்மெட் போட்டிருந்தான். லாரி எதுவும் இல்லை. சாலையில் மணல், அவ்வளவுதான் என்கிறார்கள்.

நான் கூப்பிட்டேன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

ஜூன் 5, வியாழன்

பள்ளிக்குப் போகவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. புழுக்கம்.

அண்ணன் ஹாலில், கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு. அம்மா ரசம் சாதம் ஊட்டினாள். அவள் காய் வாங்கப் போனதும் அவனிடம் கேட்டேன், என்னாலா என்று. மணலு என்றான். மறுபடி கேட்டேன். மணலுதான் என்றான். எத்தனை முறை என்று எண்ணவில்லை. பத்துக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு முறையும் அவன் சொன்னதும் ஒரு நிமிஷம் நிம்மதி, பிறகு மறுபடி. அவன் கண்ணை மூடிக்கொண்டான். அப்புறம் சொன்னான்.

"நீ கூப்ட. அதான் எடுத்தேன். எடுத்தது நானு, நீ இல்ல. எடுக்கலனா அங்க நீ இன்னா ஆவியோன்னு பயம். டெய்லி அதே பயம்தான். மண்டபத்துல ஆளு பேசிக்கினு இருப்பான், என் காது போன்லயே இருக்கும். உனக்கு மட்டும் இல்ல கோமு, எனக்கும் பயமா கீது."

இதுவரை அவன் இப்படிப் பேசியதில்லை.

"ஸ்கூலுக்குப் போறியோ, போவலயோ. ஆனா இத இப்டியே வச்சிக்கினு என்னால முடியாது."

அவனைக் காப்பாற்றுகிறேன் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், வண்டி ஓட்டிக்கொண்டே.

அம்மா வந்ததும் அவளிடம் சொன்னேன், நான்தான் கூப்பிட்டேன் என்று. காய்ப் பையைக் கீழே வைக்காமலே கேட்டாள். பிறகு பையை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று இருந்தேன். திட்டவில்லை. அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

ஜூன் 7, சனி

மாலை நாலு மணிக்குத் தூறல், ஐந்து நிமிஷம். தரைகூட நனையவில்லை.

அப்பாவிடம் பேசினேன். கடையிலேயே. வீட்டில் பேசினால் அம்மா குறுக்கே வருவாள். சனிக்கிழமைக் கூட்டம். குடங்களுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். மனதுக்குள் ஒத்திகை பார்த்துப் போனேன், எல்லாம் மறந்துவிட்டது.

மறுதேர்வு எழுத மாட்டேன், அடையாறு போகிறேன் என்றேன்.

வாடிக்கையாளர் ஒருவர் இட்லிப் பானை கேட்டார். அப்பா எடுத்துக் கொடுத்து, மூடி சரியாக உட்காருகிறதா என்று காட்டி, அனுப்பிவிட்டு வந்தார்.

"ஒரு வருஷம் போயிரும்ட்டி."

போகட்டும் என்றேன். பள்ளிக்குப் போன மூன்று நாளில் என் நோட்டில் என்ன இருக்கிறது என்று காட்டினேன். தேதிகள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை.

நல்லா இருந்துச்சுன்னு சொன்னியே என்று கேட்டார். நீங்கள் அல்வா வாங்கி வந்திருந்தீர்கள் என்றேன்.

நோட்டை மூடிக் கொடுத்தார். பிறகு கேட்டார், குரலே மாறியிருந்தது. "அந்த மாத்திரையைச் சாப்பிட்டா நீ வேற ஆளா மாறிருவியா? மந்தமாயிருவேன்னு சொல்லுதாங்க."

இதற்குத்தான் பயந்திருக்கிறார். மானம், கல்யாணம், வருஷம் எல்லாம் அப்புறம். எனக்கும் தெரியாது, டாக்டரம்மாவைக் கேட்கலாம் என்றேன். உடனே போன் செய்யச் சொன்னார். செய்தேன். அவரே வாங்கிப் பேசினார், பதினைந்து நிமிஷம், கடை வாசலில் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு. என்ன சொன்னார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. திரும்பி வந்து கடையை, அண்ணனுக்குப் பதிலாக வந்திருந்த அவன் நண்பனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எதிர் மருந்துக்கடைக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டு. இரண்டு வாரமாகத் தினமும் சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி வைத்திருக்கிறார்.

ஜூன் 9, திங்கள்

வெயில் மறுபடி. மாத்திரை இரண்டாம் நாள். லேசாகக் குமட்டல். வேறு ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியவில்லையே என்றும் பயம்.

மேடத்திடம் நானே சொல்கிறேன் என்றேன். அப்பா அறைக்கு வெளியே நிற்பதாக இருந்தது. கடைசி நிமிஷத்தில் அவரும் உள்ளே வந்தார்.

சான்றிதழை நீட்டினேன். மேடம் படித்தார். காமாலை என்று சொன்னீர்களே என்று அப்பாவைப் பார்த்தார். அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"பொய் சொல்லிட்டேன் மேடம். எம்பிள்ளைய யாரும் ஒண்ணும் சொல்லிரக் கூடாதுன்னு."

மேடம் அவரை உட்காரச் சொன்னார். மார்ச்சிலேயே டாக்டரைப் பார்த்து இப்படி ஒன்று கொடுத்திருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு எழுதியிருக்கலாம், இப்போது தன் கையில் இல்லை என்றார். கோபம் மாதிரி இருந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. ப்ளஸ் டூ இந்த வருஷம் கிடையாது. ப்ளஸ் ஒன்னில் பெயர் இருக்கும். செப்டம்பரில் டாக்டர் எழுதிக் கொடுத்தால் வரலாம், வருகைப் பதிவை அப்போது பேசிக்கொள்ளலாம். உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை.

சான்றிதழைக் கவரில் போட்டு ஒட்டினார். "இது ஆஃபீஸ் ஃபைலுக்குப் போகாது. என் அலமாரியில இருக்கும்."

மாடிப்படியில் ஆயிஷா. செப்டம்பரில் அவள் மேல் மாடியில் ப்ளஸ் டூ, நான் கீழ் மாடியில் ப்ளஸ் ஒன். மதியம் ஒன்றாகச் சாப்பிடலாம் என்றாள். அழுதாள். நான் அழவில்லை. இப்போது வருகிறது.

ஜூன் 11, புதன்

பத்து மணி. மறுதேர்வு தொடங்கியிருக்கும். பத்து பத்து. பத்து இருபது. வினாத்தாள் என்னவாக இருக்கும்? ஒருவேளை எழுதியிருப்பேனோ? ஒருவேளை இன்று மட்டும் வரி உட்கார்ந்திருக்குமோ?

தப்பான முடிவா? அம்மாவைக் கேட்டேன். தெரியாது என்றாள். டாக்டரம்மா அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும் என்று. ஆறுதல் சொன்னால் மறுபடி மறுபடி கேட்பேனாம். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவள் புடவைத் தலைப்பை முறுக்குவதில் தெரிந்தது.

ஒன்றே கால். முடிந்திருக்கும். இனி திரும்ப முடியாது. பயமாக இருக்கிறது. பசியும் எடுத்தது, ஆச்சரியம். இரண்டு தோசை.

சாயங்காலம் அத்தையிடமிருந்து போன். அப்பா எடுத்தார். கோமு பள்ளிக்குப் போகவில்லை, அடையாறில் வைத்தியம் பார்க்கிறோம் என்றார். என்ன வைத்தியம் என்று அத்தை கேட்டிருப்பாள். மனசுக்கு என்றார். வைத்துவிட்டு ஃபேனுக்குக் கீழே போய் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஜூன் 16, திங்கள்

முதல் நாள். காலையிலிருந்து நல்ல மழை.

பயிற்சி தருபவர் சின்னப் பெண், வித்யா. மேடம் வேண்டாம், அக்கா போதும் என்றார். ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து எழுதச் சொன்னார்: இன்று அண்ணன் பத்திரமாக வீட்டுக்கு வருவானா என்று எனக்குத் தெரியாது. ஒரு எழுத்தை வேண்டுமென்றே தப்பாக எழுத வேண்டும். தாளை மேஜையிலேயே விட வேண்டும்.

பேனாவைத் தொட இருபது நிமிஷம். எழுதினேன். 'பத்திரமாக'வில் 'த்'தை விட்டேன். பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டார். தொண்ணூற்றைந்து. கால் மணி கழித்து மறுபடி. தொண்ணூற்றைந்து. சும்மா இருந்தோம். ஜன்னலில் மழை. மறுபடி கேட்டார். எண்பது இருக்கும் என்றேன். சரி என்றார். பாராட்டவில்லை.

வீட்டுப் பயிற்சி: அண்ணன் கடையிலிருந்து வந்து சேரும்வரை அவனைக் கூப்பிடக் கூடாது. எங்கே இருக்கிறான் என்று யாரிடமும் கேட்கவும் கூடாது.

இன்றுதான் விபத்துக்குப் பிறகு முதல் முறையாகக் கடைக்குப் போயிருக்கிறான். கட்டோடு, பஸ்ஸில். ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னான்.

ஏழு இருபது. மழை. அவன் பஸ் வரும் வழி, தி. நகர் முழுக்கத் தண்ணீர் என்று கீழ் வீட்டில் யாரோ சொல்கிறார்கள்.

ஏழரை. அம்மா போனை எடுத்தாள். அவளுக்கே தாங்கவில்லை. எண்ணை அழுத்தப் போனாள். வேண்டாம்மா என்றேன். நான்தான் சொன்னேன். என்னைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஏழு நாற்பது. பயம் எண்பத்தைந்து. தொண்ணூறு.

லிஃப்ட் வரும் சத்தம். எங்கள் மாடியில் நிற்கவில்லை. மேலே போய்விட்டது.

அம்மாவும் நானும் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். போனைத் தொடவில்லை.